வடிகாலும் வடுவும்

கண்ணின் சுவரிலே ஒரு துவாரம் இட்டு, உள்ளே தேங்கிய நீரை வெளியே வரச் செய்வது கைப்பழக்கமுள்ள வைத்தியருக்குப் பெரிய காரியமன்று. இட்ட துவாரம் மறுமாதமும் மறுவருஷமும் அடைபடாமல் இருக்கும்படி செய்வதுதான், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நேத்திர சிகிச்சை நிபுணர்களைத் திகைக்க வைத்திருக்கும் பிரச்சினை. காயம் பட்ட இடத்தைத் தழும்பால் மூடி ஒட்டவைப்பது சரீரத்தின் இயல்பு. அந்த இயல்பு இல்லாவிட்டால் எந்தச் சஸ்திர சிகிச்சையும் சாத்தியமில்லை. ஆயினும் கண் நீர் அழுத்த நோய்க்குச் செய்யும் சிகிச்சையில் மட்டும், வேறெங்கும் வைத்தியருக்குத் துணை நிற்கும் அதே நற்குணம் அவர் செய்த வேலையை மெல்ல மெல்லக் கெடுத்துவிடுகிறது. இந்த நோய்க்கென்று கண்ணுக்குள் பொருத்தப்படும் வடிகால் கருவிகளின் சரித்திரத்தை ஆதியிலிருந்து பார்த்துவரும்போது, குழாய்களையும் வால்வுகளையும் பற்றிய கதையைக் காட்டிலும், அந்த வடுவை வைத்தியர்கள் எவ்வாறு நடத்தினார்கள், எந்தக் கட்டத்தில் அதனையே சிகிச்சையின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டார்கள் என்ற கதைதான் முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணின் முன்பகுதியிலே, கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையில், தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இரத்தக் குழாய் இல்லாத கருவிழிக்கும் லென்ஸுக்கும் ஆகாரம் கொண்டுசெல்வதும், கண்ணின் உருண்டை வடிவம் தளராதபடி காப்பதும் அதன் பணிகள். ஐரிஸ் என்னும் நிறத் திரைக்குப் பின்னாலுள்ள நுண்ணிய மடிப்புகளில் நிமிஷத்திற்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் இது சுரந்து, பாப்பாவின் வழியே முன்னறைக்கு வந்து, ஐரிஸும் கருவிழியும் சேரும் மூலையிலுள்ள சல்லடை போன்ற திசுவினூடே வடிந்து, ஷ்லெம் கால்வாய் என்ற வளைவான குழாயை அடைந்து, அங்கிருந்து வெள்விழியின் மேலுள்ள சிரைகளில் கலந்துவிடுகிறது. ஒரு நாள் முழுவதும் சுரப்பதைச் சேர்த்தால்கூட ஒரு தேக்கரண்டி நிறையாது. ஆனால் வெளியேறும் வழியில் தடை ஏற்பட்டு, 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கவேண்டிய உள்ளழுத்தம் ஏறத் தொடங்கிவிட்டால், கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் அதன் இழைகள் நசுங்கி, ஒவ்வொன்றாக மடிந்து போகின்றன. அழுத்தம் சாதாரண அளவிலிருந்தும் நரம்பு மடிகிறவர்கள் உண்டு. அவர்களுக்குங்கூட, இருக்கும் அழுத்தத்தை இன்னும் தாழ்த்துவதொன்றே பயன் தரும் என்று நிரூபணமான சிகிச்சை.

மடிந்த இழை மீள்வதில்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறைந்து வருவதாலும், ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுசெய்துவிடுவதாலும், நோயாளி பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வைத்தியரிடம் வருகிறார். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் வீடுவீடாகச் சென்று நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தமக்கு அப்படி ஒரு நோய் இருப்பதையே அதுவரை அறியாதிருந்தார்கள். சொட்டு மருந்தும் லேசர் சிகிச்சையும் போதாதென்ற நிலையில் வருகிற இத்தகையவர்களுக்குத்தான் கத்தி எடுக்கவேண்டியிருக்கிறது.

1857-இல் பெர்லின் நகரத்து ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, ஐரிஸ் திரையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால், கடும் வலியோடு திடீரென்று தாக்கும் வகையைச் சேர்ந்த கண்ணழுத்தம் தணிந்துவிடுவதைக் கண்டு வெளியிட்டார். பார்வையிழப்பிலே முடியும் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு வியாதிக்குப் பலன் தரும் சிகிச்சை அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. வலியின்றி மெதுவாக வளரும் வகைக்கோ அது போதவில்லை. அதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர், 1819-இல் தோன்றிய சென்னை அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் எழும்பூரில் பணியாற்றிய லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ஹென்றி எலியட். 1909-இல் அவர் கையாளத் தொடங்கிய முறையில், கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பில், வெள்விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய இமையிணைப்படலத்தைச் சற்றே உரித்துத் தூக்கி, வட்ட அலகுடைய சிறு துளைக்கருவியைச் சுழற்றி ஒரு வட்டத் துண்டை அகற்றிவிட்டு, உரித்த படலத்தை மறுபடி மேலே மூடிவிடுவார்கள். உள்ளிருந்து கசியும் நீர் அந்தப் படலத்தின் கீழே ஒரு கொப்புளமாக எழும்பி, அங்கிருந்து சுற்றியுள்ள திசுக்களில் உறிஞ்சப்படும். கிளாஸ்கோவில் ஃபெர்கஸ் என்பவரும் ஏறத்தாழ அதே சமயத்தில் இத்தகைய துளையிடலைச் செய்திருந்தார். ஆயினும் இதனை ஒரு முறையாக வகுத்து, ஏராளமான நோயாளிகளிடம் செய்து பார்த்து, பலாபலன்களைப் பதிவு செய்து, 1913-இல் தனி நூலாக எழுதி உலகத்தின் முன் வைத்தவர் எலியட்தான். ‘எலியட் துளையிடல்’ என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் எல்லாத் தேசங்களிலும் வழங்கியது. எழும்பூர் ஆஸ்பத்திரி உலக நேத்திர வைத்தியத்திற்கு அளித்த இந்தக் கொடையை நம்மவர்களில் நினைவு கூர்வோர் சிலரே என்பது வருந்தத்தக்கது.

அந்த முறையின் குறை, கொப்புளத்தின் மேற்சுவர் காலப்போக்கில் காகிதம்போல் மெலிந்து, வருஷங்கள் கழித்தும் கிருமிகள் உள்ளே புக வழி கொடுத்தது. மறுபுறம், மெலியாத கண்களில் தழும்பு வளர்ந்து துளை அடைபட்டது. 1968-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து கேர்ன்ஸ், துளையின் மேல் வெள்விழியிலேயே பாதிக் கனமுள்ள ஒரு மூடியை அமைத்து அதன் ஓரங்களின் வழியே மட்டும் நீர் கசியும்படி செய்த ‘டிரபெகுலெக்டமி’ முறையைப் பிரசித்தப்படுத்தினார். மைட்டோமைசின் என்ற, தழும்புத் திசுவின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை அறுவை நடக்கும் இடத்தில் சில நிமிஷங்கள் ஒற்றியெடுக்கும் வழக்கம் 1980-களிலிருந்து அதனோடு சேர்ந்துகொள்ளவே, இன்றுவரை அதுவே பெருவழக்காக இருக்கிறது. ஆனால் சர்க்கரை வியாதியால் விழித்திரையில் இரத்த ஓட்டம் குன்றி, முன்னறை மூலையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து அடைத்த கண்ணிலோ, உள்ளழற்சி திரும்பத் திரும்பத் தோன்றும் கண்ணிலோ, மாற்றுக் கருவிழி பொருத்தப்பட்ட கண்ணிலோ, ஏற்கெனவே ஓரிரு அறுவைகள் தோற்றுப்போன கண்ணிலோ, பிறவியிலேயே வடிகால் உருவாகாத குழந்தையின் கண்ணிலோ, எத்தனை சாமர்த்தியமாக வழி திறந்தாலும் வடு வந்து மூடிவிடும். வடிகால் கருவிகளின் தேவை இந்தக் கண்களிலிருந்துதான் பிறந்தது.

துவாரம் மூடிக்கொள்கிறதென்றால் அதில் ஏதாவதொரு பொருளைச் செருகி வைப்போம் என்ற யோசனை யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியது, தோன்றவும் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சில் ரோலே, மோரோ என்ற இருவர் குதிரை மயிரைக் கருவிழியின் ஊடே செலுத்தி வடிகாலாக வைத்துப் பார்த்தனர். 1912-இல் இங்கிலாந்தில் ஸோராப் பட்டு நூலை வைத்தார். அதன்பின் பொன் குழாய், பிளாட்டினக் கம்பி, மக்னீசியத் தகடு, அக்ரிலிக் துண்டு என்று ஒவ்வொருவரும் தத்தம் காலத்தில் கிடைத்த பொருளையெல்லாம் பரீட்சித்தனர். இவை யாவும் தோற்றன. தோற்ற விதமும் ஒன்றே. பொருள் துருப்பிடிக்காததாக இருந்தாலும், சரீரம் அதை விரோதிக்காவிட்டாலும், நீர் வெளியே வந்து விழும் வாயைச் சுற்றித் தழும்பு வளர்ந்து அதை முத்திரையிட்டாற்போல் மூடியது. உட்புறத் துவாரம் திறந்தே இருந்தது. வெளிப்புற வாய்தான் மூடியது. இந்த வேறுபாட்டைக் கவனித்து, குற்றம் குழாயில் இல்லை, குழாய் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று துணிவதற்கு அரைநூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவ்வாறு துணிந்தவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஆன்டனி மோல்ட்டெனோ. 1969-இல் அவர் பிரிட்டிஷ் நேத்திர வைத்தியப் பத்திரிகையில் விவரித்த கருவியில், மெல்லிய குழாய் ஒன்று தகடு ஒன்றின் மேற்பரப்பில் போய்த் திறந்தது. வேறு பொறியமைப்பு எதுவும் அதில் இல்லை. தழும்பைத் தடுக்க முடியாதென்பதை ஒப்புக்கொண்டபின், அது எந்த உருவில் வளரவேண்டுமென்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் அவருடைய யுக்தி. தகட்டைச் சுற்றிலும் சரீரம் தன் இயல்புப்படி ஓர் உறையைக் கட்டுகிறது. தகடு நடுவிலிருப்பதால் உறையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள முடியாமல் ஓர் அறை எஞ்சுகிறது. குழாய் அந்த அறைக்குள் நீரைக் கொண்டுவந்து விடுகிறது. மண்பானையின் சுவரில் தண்ணீர் கசிவதுபோல அந்த உறையின் பரப்பு முழுவதிலும் நீர் ஊறி வெளியேறி, சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் கலந்துவிடுகிறது. வைத்தியர்கள் அதுவரை போரிட்டுக்கொண்டிருந்த வடு, இந்த ஏற்பாட்டில் வடிகாலின் சுவராக மாறிற்று.

முதற்கருவியில் குழாய் குட்டையாகவும் தகடு கருவிழியின் விளிம்பை ஒட்டியும் இருந்ததால், கொப்புளம் கண்ணின் முன்புறத்திலேயே எழும்பி, மேற்படலத்தை அரித்துத் தகடு வெளியே தெரியத் தொடங்கிற்று. 1973-இல் அவர் குழாயை நீளமாக்கி, தகட்டை விளிம்பிலிருந்து சுமார் 9, 10 மில்லிமீட்டர் பின்னால், இமைக்கடியில் மறையும்படி கொண்டுபோய் வைத்தார். 13 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 135 சதுர மில்லிமீட்டர் பரப்புமுள்ள அந்தத் தகடும் அதன் நீண்ட சிலிக்கோன் குழாயும்தான், பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் மூலமாக அமைந்தவை. பிற்பாடு நியூஸிலாந்தின் டுனெடினில் ஒட்டாகோ சர்வகலாசாலையில் குடியேறி, தம் நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்து பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டது அவருடைய இன்னொரு பெருமை.

குழாயின் உள்விட்டம் 0.3 மில்லிமீட்டர். குழாயில் ஓடும் திரவத்துக்கு ஏற்படும் தடை, விட்டத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது பௌதிக சாஸ்திரத்தில் புவாஸேயின் விதி. விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள குழாயில் கண்ணின் நீர் ஓடும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், கிடைக்கும் தடை ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தில் நூறிலொரு பங்கு அளவுதான். அதாவது குழாய் கண்ணழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை. தடை முழுவதும் உறையிலிருந்தே வரவேண்டும். உறையோ உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகையால் அறுவை முடிந்த அன்றே குழாயைத் திறந்துவிட்டால், தடுப்பாரில்லாமல் நீர் ஓடிக் கண் தளர்ந்து, முன்னறை தட்டையாகி, உட்சுவரிலுள்ள இரத்தப் படலம் பிரிந்து, சில சமயம் இரத்தம் கொட்டிப் பார்வையே போய்விடும். திறக்காவிட்டால், எந்த அழுத்தத்துக்காகச் சிகிச்சை செய்தோமோ அது வாரக்கணக்கில் தணியாமல் நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கும். இந்த முதல் ஆறு வாரங்களின் தர்மசங்கடத்தை எவ்வாறு கடப்பது என்பதில்தான் கருவி செய்வோர் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர்.

ஒரு கட்சி கருவியிலேயே கட்டுப்பாட்டை வைக்க விரும்பியது. 1976-இல் க்ரூபின், குழாயின் நுனியில் கீறல்களிட்டு, குறித்த அழுத்தத்துக்கு மேல் மட்டும் அவை விரியும்படி ஒரு வால்வு அமைத்தார். 1993-இல் அமெரிக்காவில் மதீன் அஹ்மத் என்பவரின் பெயரால் வெளிவந்த வால்வு இந்தக் கட்சியின் வெற்றிச் சின்னம்: தகட்டின் மேலுள்ள சிறு பேழைக்குள் இழுத்துப் பிடித்த இரண்டு மெல்லிய சிலிக்கோன் படலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அழுத்தம் சுமார் 8 மில்லிமீட்டரைத் தாண்டும்போது அவை விலகி நீருக்கு வழி விட்டு, இறங்கியதும் மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. தகட்டின் பரப்பு 184 சதுர மில்லிமீட்டர். குழந்தைகளுக்கென்று 96 சதுர மில்லிமீட்டரில் ஒன்று உண்டு. அறுவை செய்த மறுநாளே அழுத்தம் இறங்கியிருப்பதால், உடனடியாகக் காப்பாற்றவேண்டிய கண்ணுக்கு இது வரப்பிரசாதம். ஆயினும் அழற்சியூட்டும் பொருள்களோடு கூடிய நீர் முதல் நாளிலிருந்தே உறையினுள் பாய்வதால், அந்த உறை பல நோயாளிகளிடம் தடித்துப்போய், முதலிரு மாதங்களில் அழுத்தம் மறுபடியும் ஏறும் ஒரு கட்டம் வருகிறது. சொட்டு மருந்தை மீண்டும் ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது.

மற்றக் கட்சி, மோல்ட்டெனோவின் எளிமையைக் கைவிடாமல், பொறுமையை வைத்தியரிடமே ஒப்படைத்தது. 1990-வாக்கில் ஜார்ஜ் பேர்வெல்ட் வடிவமைத்த கருவியில் வால்வு கிடையாது; அதற்குப் பதிலாக, பறவை இறக்கை விரித்ததுபோன்ற அகலமான சிலிக்கோன் தகடு உண்டு. அதன் இரு ஓரங்களும் கண்ணை அசைக்கும் தசைகளின் அடியில் நுழைந்துகொள்வதால், கண்ணின் ஒரே கால்பாகத்தில் 350 சதுர மில்லிமீட்டர் பரப்பை வைத்துவிட முடிகிறது. தகடு பெரிதானால் உறை பெரிதாகும், உறை பெரிதானால் அழுத்தம் தாழும் என்ற நியாயப்படி 500 சதுர மில்லிமீட்டரிலும் ஒன்று செய்து பார்த்தார்கள். நெடுநாள் பலன் 350-ஐ விஞ்சவில்லை. பரப்பைப் பெருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டென்பது அந்த அநுபவத்தில் தெரியவந்தது.

பேர்வெல்ட் கருவியைப் பொருத்தும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. பெரும்பாலும் கண்ணின் மேற்புறத்தில் காது பக்கமாக உள்ள கால்பாகத்தைத் தேர்ந்தெடுத்து, இமையிணைப்படலத்தைத் திறந்து, மேல்தசையையும் பக்கத்தசையையும் மழுங்கிய கொக்கியால் தூக்கிப் பிடித்து, தகட்டின் இறக்கைகளை ஒவ்வொன்றாக அவற்றின் கீழே நழுவவிட்டு, விளிம்பிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் பின்னால் வெள்விழியோடு சேர்த்துத் தைக்கிறார்கள். பின்பு, சரீரத்தில் தானாகக் கரைந்துவிடும் விக்ரில் நூலால் குழாயின் குரல்வளையை நெரித்தாற்போல் இறுகக் கட்டி, மறுமுனையில் நுண்ணிய ஊசி வழியே உப்புநீரைச் செலுத்தி, ஒரு துளியும் கடந்துபோகவில்லை என்பதை உருப்பெருக்கியில் கண்ணாரக் கண்ட பிறகே மேலே செல்வார்கள். இந்த முடிச்சு இளகியிருந்தால் அன்றிரவே கண் தளர்ந்துவிடும். குழாயின் நுனியைச் சாய்வாக நறுக்கி, ஊசியால் உண்டாக்கிய இறுக்கமான பாதையின் வழியே, ஐரிஸுக்கு இணையாகவும் கருவிழியைத் தொடாமலும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் முன்னறைக்குள் நிற்கும்படி செலுத்துகிறார்கள். வெளியே கிடக்கும் குழாய் மேற்படலத்தை அரித்துவிடாதபடி, தானமாகப் பெற்ற கண்ணின் வெள்விழித் துண்டொன்றை அதன்மேல் ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள். கண்தானம் என்றால் கருவிழியை மட்டுமே நினைக்கிற நாம், அதன் வெண்பகுதியும் இப்படி இன்னொருவர் பார்வையைக் காக்கப் போகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

ஐந்தாவது அல்லது ஆறாவது வாரத்தில் நூல் கரைந்து முடிச்சு நெகிழும். அதற்குள் தகட்டைச் சுற்றி உறை உருவாகியிருக்கும். அதுவரையில் சொட்டு மருந்துகளும், சிலருக்கு மாத்திரைகளும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும். முடிச்சுக்கு முன்னால் குழாயில் ஊசியால் ஓரிரு கீறலிட்டுச் சிறிது நீர் கசியும்படி செய்துவைப்பதும் உண்டு. மோல்ட்டெனோ தம் நோயாளிகளுக்கு உறை தடிக்காமலிருக்க பிரெட்னிசோன், ஃபுளுஃபெனாமிக் அமிலம், கோல்கிசின் ஆகியவற்றை உள்ளுக்குக் கொடுத்துவந்தார். அந்த முறையைப் பின்பற்றியவர்கள் சொற்பமே.

இரண்டு கட்சிகளில் எது மேல் என்பதை வாதத்தால் அன்றி அநுபவத்தால் தீர்க்கவேண்டி, இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. அஹ்மத் வால்வையும் பேர்வெல்ட் தகட்டையும் 276 பேரிடம் ஒப்பிட்ட ஒன்றில், ஐந்தாண்டு முடிவில் சராசரி அழுத்தம் முறையே 14.7, 12.7 மில்லிமீட்டர்; 238 பேரிடம் நடந்த மற்றொன்றில் 16.6, 13.6. பெரிய தகடே அழுத்தத்தை அதிகம் தாழ்த்துகிறது, மருந்தின் தேவையையும் குறைக்கிறது. அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோவதும் அதிலேதான் அதிகம். டிரபெகுலெக்டமியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று, முன்பே ஒருமுறை கண்ணில் அறுவை நடந்திருந்த 212 கண்களை எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டுக்குள் தோல்வியடைந்தவை குழாய் வைத்தவற்றில் 29.8 சதவீதம், டிரபெகுலெக்டமி செய்தவற்றில் 46.9 சதவீதம். இது வெளியான பிறகு, கடைசிப் புகலாகக் கருதப்பட்ட குழாய் ஏன் முதல் சிகிச்சையாகக் கூடாது என்ற உற்சாகம் பிறந்தது. அதுவரை கத்தி படாத கண்களில் அதே ஒப்பீட்டைச் செய்தபோது, ஐந்தாண்டுத் தோல்வி குழாய்க்கு 42 சதவீதம், டிரபெகுலெக்டமிக்கு 35 சதவீதம் என்று வந்தது. முதல் அறுவையில் பழைய முறைக்கும், வடுப்பட்ட கண்ணில் தகட்டுக்கும் இடமுண்டென்று கொள்வதே இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது நியாயமாகப் படுகிறது. எந்தச் சிகிச்சையானாலும் ஐந்தாண்டுக்குள் மூன்று கண்ணில் ஒன்றைக் கைவிட்டுவிடக்கூடும் என்பதை மறைக்காமல் நோயாளிக்குச் சொல்லவேண்டிய கடமை வைத்தியருக்கு இருக்கிறது.

கண்ணுள் நிரந்தரமாக ஓர் அந்நியப் பொருளை வைப்பதற்குக் கண் வசூலிக்கும் விலைகளுள் கொடியது கருவிழியைச் சேர்ந்தது. கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உட்புற உயிரணு வரிசை மீண்டும் வளராதது. முன்னறையில் நிற்கும் குழாய் அதற்கு அருகில் இருக்க இருக்க அந்த அணுக்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. தகடு தசைகளுக்கடியில் இருப்பதால் சிலருக்கு இரட்டைப் பார்வை உண்டாகிறது. ஒட்டுப் போட்ட இடம் அரித்துக் குழாய் வெளியே தெரிந்தால் கிருமி நுழைய வாயில் திறந்ததாகும். சைபாஸ் என்ற நுண்குழாய் 2016-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அநுமதி பெற்று, ஐந்தாண்டுத் தொடர் பரிசோதனையில் கருவிழி அணுக்கள் குறைவது தெரியவந்ததும் 2018-இல் அதனைச் செய்த நிறுவனத்தாலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இரண்டாண்டுப் பலனை மட்டும் பார்த்து ஒரு கருவியைக் கொண்டாடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. சிங்கப்பூரில் உருவான ‘பால்’ என்ற பெயருடைய கருவியில் தகட்டின் பரப்பு 342 சதுர மில்லிமீட்டராகப் பெரிதாகவே இருக்க, குழாயின் வெளிக்கனம் மட்டும் 0.63-லிருந்து 0.47 மில்லிமீட்டருக்குக் குறைக்கப்பட்டிருப்பது கருவிழிக்கு இடம் விடுவதற்காகவே. தகடே இல்லாமல், 45 அல்லது 70 மைக்ரான் உள்விட்டமுள்ள நுண்குழாயைப் பயன்படுத்தி, புவாஸேயின் விதியையே வால்வாக்கிக்கொள்ளும் கருவிகளும் வந்துள்ளன. அவை வெளிவாயில் எழும் தழும்புக்காக மைட்டோமைசினை நாடவேண்டியிருப்பதைப் பார்க்கும்போது, மோல்ட்டெனோவுக்கு முந்தைய பிரச்சினை இன்னும் முற்றிலும் தீரவில்லை என்று அறிகிறோம்.

நம் தேசத்தைப் பொறுத்தவரையில் இவையெல்லாவற்றுக்கும் மேலாக நின்ற தடை விலை. இறக்குமதியான வால்வின் விலை சாதாரணக் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கக்கூடியதாக இருந்தது. வால்வற்ற பேர்வெல்ட் தகடோ இங்கே எளிதில் கிடைக்கவில்லை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் சார்பில், கண்புரை அறுவைக்கு வேண்டிய லென்ஸைக் குறைந்த விலையில் செய்வதற்காக 1992-இல் ஏற்பட்ட அரோலேப் நிறுவனம், 2013-இல் பேர்வெல்ட்டின் அமைப்பைத் தழுவி 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிலிக்கோன் வடிகால் கருவியைச் செய்து, ஏறத்தாழ 50 டாலர் அளவிலான விலையில் கொடுக்கத் தொடங்கிற்று. சண்டிகர், ஹைதராபாத் முதலிய நகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகளிலும் அது கையாளப்பட்டு, பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் கண்ட பலன்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன; பேர்வெல்ட்டைப் பற்றி மேல்நாட்டில் தெரிந்த குணமும் குறையும் இதிலும் ஏறக்குறைய அப்படியே காணப்படுகின்றன. எலியட்டின் துளைக்கருவிக்கு ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாட்டிலிருந்து இந்நோய்க்கு இன்னொரு சாதனம் புறப்பட்டிருப்பதில் நான் மனமாரப் பெருமைப்படுகிறேன்.

ஆனால் விலை குறைந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. வால்வற்ற தகட்டின் ஆபத்து அறுவை நடக்கும் நாளில் இல்லை. வீடு திரும்பி, வலியும் சிவப்பும் தீர்ந்து, நோயாளி வயல்வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் ஆறாவது வாரத்தில், நூல் நெகிழ்ந்து முப்பதில் நின்ற அழுத்தம் ஒரே நாளில் ஐந்துக்கு இறங்கக்கூடிய அந்தத் தருணத்தில் இருக்கிறது. மங்கலோ வலியோ கண்டால் அன்றே பஸ் ஏறி வரமுடிகிறவருக்கும், கூட வர ஆளில்லாமல் அடுத்த சந்தை நாள்வரை காத்திருக்கவேண்டியவருக்கும் ஒரே கருவி பொருந்தாது. ஆதலால், தகட்டின் பரப்பையும் ஆய்வுகளின் சதவீதத்தையும் எடைபோடும் வைத்தியர், நோயாளியின் ஊர் எது, துணைக்கு யார் இருக்கிறார்கள், போன் போட்டால் எடுப்பவர் உண்டா என்பதையும் அதே தராசில் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் ஒற்றைக்கண் முதியவருக்கு, நெடுநாள் பலன் சற்றுக் குறைவென்று தெரிந்தும் விலை கூடிய வால்வையே தேர்ந்தெடுப்பதும், ஆறாவது வாரத்தில் இரண்டு நாள் தங்குவதற்கு இலவசப் படுக்கை உண்டென்று உறுதி சொல்லி மலிவான தகட்டையே வைப்பதும், இரண்டுமே நல்ல வைத்தியந்தான். இரண்டாவது வழி எத்தனை ஆஸ்பத்திரிகளில் திறந்திருக்கிறதோ, மதுரைத் தகட்டின் குறைந்த விலை அத்தனை ஏழைகளுக்குத்தான் உண்மையில் பயன்படும்.